பொன்மணியின் ஆறு ஏக்கர்

பொன்மணிக்கு ஆறு ஏக்கர் பருத்திக்காடு இருந்தது. போனுக்குள்.

அவள் வீட்டில் அப்பாவுக்கோ தாத்தாவுக்கோ சொந்தமாக ஒரு செண்டு நிலம் கிடையாது. மூன்று தலைமுறையாக அடுத்தவர் காட்டில் களை எடுத்தவர்கள். அவள் காலத்தில் அதுவும் போய், ஆமத்தூர்ப் பக்கத்திலிருந்து தினமும் வேனில் நாரணாபுரத்துக்கு வந்து, ஒரு பட்டாசு ஆலையில் புஸ்வாணத்துக்கு மருந்து அடைக்கிறாள். போன காட்டுவேலையை நினைத்து ஏங்கும் ஆளில்லை. ஆனால் போனில் ஆடும் விவசாய விளையாட்டில் ஒரு வயலை உழுதால் அது அவள் பெயரில் நின்றது. அது பிடித்துப் போயிற்று.

விளையாடுவது லேசாக இல்லை. ஆலை வாசலில் போனை அணைத்து, வாட்ச்மேன் நாகையாவின் மரப்பெட்டியில் தன் நம்பர் போட்ட குழியில் வைத்துவிட வேண்டும். காலை ஏழரைக்கு வைத்தால் மாலை ஆறுக்குத்தான் திரும்ப எடுக்கலாம். தக்காளி போட்டாள், ஆறு மணி நேரத்தில் பழுத்து, ஆளில்லாமல் அழுகியது. கம்பும் அப்படியே காய்ந்தது. மூன்று மாதம் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து, பத்து மணி நேரம் எடுக்கும் பருத்திதான் தனக்கு ஒத்துவரும் என்று கண்டுகொண்டாள். வாசலில் விதைத்தாள், வாசலிலேயே எடுத்தாள். வீட்டில் டவர் சரியாகக் கிடைக்காது. வேனிலும் நிலையாக நிற்காது. ஆலை வாசலில் மட்டும் நாலு கோடும் நிற்கும். ஒன்றரை வருடத்தில் ஆறு வயல், ஒரு கிணறு, இரண்டு மாடு.

"என்ன மொதலாளி, இன்னைக்கு காட்டுக்கு ஆள் கெடைச்சுச்சா? நான் வேணா களையெடுக்க வரட்டா?" என்பாள், வேனில் பக்கத்தில் உட்காரும் மாடத்தி.

"ஒனக்குக் கூலி குடுத்துக் கட்டுபடியாகாதுடி."

ஐப்பசிக்கு முன் சீசன் உச்சத்தில் இருந்தபோது திரையில் ஓர் அறிவிப்பு வந்தது. விளையாட்டு புதிதாக மாறுகிறது. பழைய நிலத்தைப் புதியதற்கு மாற்றிக்கொள்ள வேண்டும். சனிக்கிழமை பகல் பன்னிரண்டு வரை நேரம், அதற்குப் பிறகு பழைய நிலம் அழிந்துவிடும். இணைப்பு நடுவில் அறுந்தால் முதலிலிருந்து. பொன்மணி வீட்டில் நாலு நாள் முயன்றாள். ஒருமுறை நாற்பது சதவீதம் வரை போய் அறுந்தது. மற்ற நாட்களில் அதுகூட இல்லை. ஆலை வாசலில் நின்று முடிக்கலாமென்றால் மாலை வேன் ஒரு மணி நேரம் காத்திருக்காது. ரீசார்ஜ் கடை விக்னேஷ்குமாரிடம் போய்க் கேட்டாள்.

"நெட்டு இல்லாம இது ஓடவே ஓடாதாப்பா?"

"ஓடாதுக்கா. ஒங்க காடு ஒங்க போன்லயா இருக்கு? எங்கனயோ கம்பெனியில இருக்கு. நீங்க எட்டிப் பாக்கீக, அம்புட்டுதான்."

"நானே வெதைக்கேன், நானே எடுக்கேன். கூட வெளையாட எவனையும் கூப்பிடலையே. இதுக்கு டவரு எதுக்கு?"

"விளம்பரம் வரணும்லக்கா" என்று சொல்லிவிட்டு அவன் அடுத்த ஆளைக் கவனித்தான்.

சனிக்கிழமை வந்தது. சீசனில் லீவு கேட்டால் மறுவாரம் வர வேண்டாம் என்பார்கள். வாசலில் இறங்கியதும் பொன்மணி மாற்றத்தைத் தொடங்கிவிட்டு, போனை நாகையாவிடம் நீட்டினாள்.

"சித்தப்பா, இதை மட்டும் அமத்தாதீக. பெட்டியில வேண்டாம். வெளிய, ரோட்டோரச் சுவத்து மேல வைங்க. ஒரு மணி நேரம் போதும்."

"ஏ தாயி, என் வேலைக்கு ஒலை வைக்கிறியா?"

"சித்தப்பா, ஒங்களக் கையெடுத்துக் கும்பிடுறேன்."

நாகையா அவள் முகத்தைப் பார்த்தார். போனை வாங்கிக்கொண்டு ரோட்டுப் பக்கம் நடந்தார்.

உள்ளே அவள் கை மருந்தை அளந்தது. எண்பது சதவீதம் இப்போது ஆகியிருக்கும், நூறு இப்போது ஆகியிருக்கும் என்று மனம் தனியாக ஓடியது. ஆறு மணிக்கு வாசலுக்கு வந்தபோது போன் பெட்டியில் இருந்தது, அவள் நம்பர் குழியில். அணைந்து.

"ஆபீசர் ஜீப்பு வந்துச்சு தாயி" என்றார் நாகையா. அவளை நேரே பார்க்கவில்லை. "எடுத்து ஒளிக்கத்தான் போனேன். கை தானா அமத்திருச்சு. அமத்துன பொறகுதான் நெனப்பே வந்துச்சு. எனக்கு மறுபடி போட்டுவிடவும் தெரியல."

அவள் வாயில் ஒரு சொல் வந்தது. அதற்குள் வாசலைத் தாண்டி ஒன்பதாம் நம்பர் அறை கண்ணில் பட்டது. நாலு வருடத்துக்கு முன் அது வெடித்த பிறகுதான், எந்தப் போனைத் தொட்டாலும் முதலில் அணைக்கும் அந்தக் கை நாகையாவுக்கு வந்தது. உள்ளே வேலை செய்யும் நூற்றிருபது பேரும் அந்தக் கையை நம்பித்தான் போகிறார்கள். அவளும்தான். அந்தக் கையை என்ன சொல்லித் திட்டுவது?

"சரி, விடுங்க சித்தப்பா" என்றாள்.

வேனில் ஏறி உட்கார்ந்து போனைப் போட்டாள். விளையாட்டு புதிய நிறத்தில் திறந்தது. கிணறு இல்லை, மாடு இல்லை. ஒரே ஒரு கட்டாந்தரை. அதன்மேல் ஒரு சின்ன வெள்ளைக் கை வந்து, இங்கே தொட்டு உழுங்கள் என்று காட்டியது. வேன் கிளம்பியது. வாசலைத் தாண்டி வளைவில் திரும்பியதும் அந்தக் கை பாதியில் நின்றது. இணைப்பு இல்லை என்று எழுத்து வந்து, வட்டம் சுற்றத் தொடங்கியது.

"என்ன மொதலாளி, காடு என்னாச்சு?" என்றாள் மாடத்தி.

"எடுத்துட்டாக."

"யாரு?"

பொன்மணி யோசித்துப் பார்த்தாள்.

"யாருன்னு தெரியல" என்றாள். வட்டம் ஆமத்தூர் வரை சுற்றிக்கொண்டே வந்தது.