இன்னும் முத்தலை

ஆரணியில் தனக்கோடி குடியிருந்த தெருவில் யாருக்குக் கண்ணில் கோளாறு என்றாலும் முதலில் அவளிடம்தான் வருவார்கள். கணவன் தசரதன் பட்டு நெய்வார், அவள் பக்கத்தில் உட்கார்ந்து தறிக்கு நூல் தார் சுற்றுவாள். வந்தவர்களை வாசல் வெளிச்சத்தில் நிறுத்தி, இமையை விரலால் விரித்துப் பார்த்து, இது கண்கட்டி, இது மெட்ராஸ் ஐ, இது வெறும் வெள்ளெழுத்து, கண்ணாடி போட்டால் போதும் என்று பிரித்துச் சொல்லிவிடுவாள். பாதிக்கு மேல் சரியாகவும் இருக்கும். ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன் என்பார்கள். இவள் அதுவரை யாரையும் கெடுத்ததில்லை.

இந்தக் கெட்டிக்காரத்தனம் பட்டறிவில் வந்ததுதான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்திரண்டில் அவளுக்கு வலது கண்ணில் புரை விழுந்தது. முகாமுக்கு வந்த டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "இன்னும் முத்தலைம்மா, அடுத்த வருஷம் வா" என்று அனுப்பிவிட்டார். மறு வருஷம் போனாள், புரைச் சதையை உரித்தார்கள். கட்டை அவிழ்த்து, சோடாபுட்டிக் கண்ணாடி மாட்டியதும் தசரதனின் மீசை நரைத்திருப்பது தெரிந்து வாய்விட்டுச் சிரித்தாள். அன்றிலிருந்து கண் என்றால் அவளுக்கு ஒரே வேதம்தான்: முத்தாத புரையில் கை வைக்கக் கூடாது.

எழுபத்தொன்பது வாக்கில் தசரதனுக்கு நெற்றிப்பொட்டில் வலி வர ஆரம்பித்தது.

"பல்பைச் சுத்தி வானவில்லு மாதிரி வளையம் தெரியுது, கோடி" என்றார்.

தனக்கோடி இமையை விரித்துப் பார்த்தாள். "புரைதாங்க. ஆனா கண்ணு பாப்பா இன்னும் வெளுக்கலை. முத்தட்டும்."

கொஞ்ச நாளில் நிலைப்படியில் தோளை இடித்துக்கொள்ள ஆரம்பித்தார். நடுவில் சரிகைப் பூ பளிச்சென்று தெரிகிறதாம், சேலையின் இரண்டு ஓரமும்தான் காணோமாம். கரை இழை அறுந்தால் தெரியாமலே நெய்துகொண்டு போனார்.

"வேலூருக்கு ஒரு நடை போய்க் காட்டிகினு வரட்டுமா?" என்று அவராகவே கேட்டார்.

"ஜல்தியா போனா திருப்பித்தான் அனுப்புவாங்க. என்னை அனுப்பலையா? பேஜாரு பண்ணாம இருங்க, நான் பாத்துக்கறேன்."

பார்க்கத்தான் செய்தாள். காலையில் முகம் கழுவியதும் அவரை வாசலுக்கு இழுத்து வந்து, பாப்பாவில் பால் நிறம் ஏறியிருக்கிறதா என்று தேடுவாள். ஏறவே இல்லை. புரையாக இருந்தால் அல்லவா ஏறும்! அந்த ஒரு சந்தேகம் மட்டும் பாவிமகளுக்குத் தோன்றவில்லை.

எண்பத்தொன்றில் ஒரு பகலில், எதிரே வைத்த சோற்றுத்தட்டை அவர் தரையில் தடவித் தேடினார். தனக்கோடி மறுநாளே அவரை வேலூர் பஸ்ஸில் ஏற்றினாள்.

டாக்டர் கருவி வைத்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "இது புரையே இல்லை. கண்ணுக்குள்ள அழுத்தம் கூடி நரம்பைக் கொன்னுடுச்சு. வலது கண் போச்சு. இடதுல மிச்சம் இருக்கிற கொஞ்சத்தைச் சொட்டு மருந்து விட்டுக் காப்பாத்திக்கலாம். போனது திரும்பாது."

"முத்தினப்புறம் உரிச்சா..." என்று தனக்கோடி இழுத்தாள்.

"புரைன்னு யார் சொன்னது? கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரமா? வலி வந்தப்பவே வந்திருந்தா பார்வையைக் காப்பாத்தியிருக்கலாமே! யார் இவரை வீட்டிலேயே உட்கார வெச்சது?"

தசரதன்தான் பேசினார், டாக்டர் இருக்கும் திசையைச் சற்றுத் தவறவிட்டபடி.

"யாரும் இல்லீங்க. இவ போலாம் போலாம்னு சொல்லிகினேதான் இருந்தா. எனக்குத்தான் தறியை வுட்டுட்டு வர மனசில்லை."

அப்போது அவள் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சொட்டு மருந்துச் சீட்டை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு, அவர் கையைப் பிடித்து வெளியே அழைத்து வந்தாள்.

திரும்பும் பஸ் கண்ணமங்கலத்தில் நின்றபோதுதான் அவளால் கேட்க முடிந்தது.

"ஏங்க அப்படிச் சொன்னீங்க? நான்தானே உங்களைப் போவ வுடலை?"

தசரதன் அவள் பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"அந்த ஆளு உன்னைத் திட்டறத கேட்டுகினு எப்படிக் குந்தியிருப்பேன்? கண்ணுதான் போச்சு, கோடி. காது நல்லாத்தானே இருக்குது."

தனக்கோடி தடித்த கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, ஆரணி வரும்வரை அழுதாள்.