வணக்கத்திலேயே மணி அடித்துவிட்டது

எண்பதுகளில், ஈப்போ பக்கம் ஜெலாப்பாங்கில் இருந்த தொழிற்சாலை ஒன்றில் நான் சம்பளக் கணக்கு எழுதும் கிராணி. அங்கே கம்ப்யூட்டருக்குப் புரோகிராம் எழுதுபவர் ஒருவர் இருந்தார். கம்ப்யூட்டர் அறைக் குளிருக்காகப் போட்ட ஸ்வெட்டரை ஈப்போ வெயிலிலும் கழற்றாதவர். ஊர் ஊராகக் கருத்தரங்குகளில் பேசுவார். அந்த இயந்திரம் எங்கள் வேலையையும் விழுங்கிவிடுமா என்று தெரிந்துகொள்ளத்தான் நானும் ஒருமுறை கேட்கப் போனேன்.

ரப்பர் தோட்டத்துக் கோயில் கூட்டங்களில் பேசிப் பழகிய மனிதர். தலைவர் அவர்களே என்று தொடங்கி, தேநீர் ஏற்பாடு செய்தவர் வரை ஒருவரையும் விடாமல் விளித்தார். "கம்ப்யூட்டர் என்பது" என்றபோது நேரம் முடிந்து மணி அடித்துவிட்டார்கள். கைதட்டல் மட்டும் பலமாக இருந்தது.

வெளியே மடக்கினேன். "அண்ணே, எங்க வேலை போயிருமா இல்லியா, அதச் சொல்லவே இல்லையே?"

ஸ்வெட்டருக்கு மேல் போர்த்திய பொன்னாடையைச் சரிசெய்துகொண்டார். "இத்தன பேருல ஒருத்தரும் கோவிச்சுக்காம வணக்கம் சொல்ற கம்ப்யூட்டர் வரட்டும் லா. அப்புறம் பயப்படலாம்."

அது பதிலா, சமாளிப்பா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. வேலை போகவில்லை, என் மேசைக்கே ஒரு கம்ப்யூட்டர் வந்தது. முதல் நாள், யாரும் பார்க்காதபோது, அதற்கு ஒரு வணக்கம் வைத்துவிட்டுத்தான் தட்டத் தொடங்கினேன்.