வீராசாமி அண்ணன் வரைந்த சூளைக்கரை

லத்தா பேட்டைக் கடைத்தெருவில் வெங்காயம் பொறுக்கிக்கொண்டிருந்தபோது பேத்தி போனை என் காதில் வைத்தாள். வீராசாமி அண்ணனின் மகள் மா ஏய் பேசினாள். பாதி பர்மியமும் பாதி தமிழுமாக, “அப்பா காலையில போயிட்டாரு அத்தை” என்று அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. “படத்தை மாத்தினாரா?” என்று கேட்டேன். “எந்தப் படம் அத்தை?” என்றாள். கையிலிருந்த வெங்காயத்தைக் கூடையில் எறிந்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அது எந்தப் படம் என்று சூளைக்கரைக்காரர்களான உங்களுக்குத் தெரியும்; சின்னப் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். த்வாண்டே கால்வாய்க் கரையில் நம் ஊர் இருந்தது. வடக்கே கால்வாய், தெற்கே வயல், நடுவில் ஒரே வரிசையாகப் பதினேழு தமிழ் வீடுகள். கிழக்கு முனையில் பர்மியக் குயவர்களின் பானைச் சூளை. சூளைக்கு அடுத்த முதல் வீடு எங்களுடையது. மேற்கே கடைசி வீடு அண்ணனுடையது. யுத்தத்தில் ஜப்பான்காரன் நெல் படகுகளை நம் கரையில் கட்டினான். படகைத் தேடி விமானம் வந்தது. ஊரே அணைந்த சூளைக்குள் புகுந்து ஒளிந்தது. மூன்று முறை ஒளிந்தோம். மூன்றாம் முறை ஊரே எரிந்தது; யார் உடம்பு எது என்றுகூடத் தெரியவில்லை. இன்று அங்கே சூளையின் அடிச்சுவர் மட்டும்தான் இருக்கிறது, மற்றதெல்லாம் வயல்.

அந்த ஊரை நினைவிலிருந்து அப்படியே தாளில் வரைந்தவர் அண்ணன். யார் வீடு எது, யார் எங்கே விழுந்தார்கள், எல்லாம் அதில் உண்டு. ஒவ்வொரு தை மாதமும் நம்மை அழைத்துப் போய், சூளையிலிருந்து தப்படி எண்ணி நடந்து, “இங்கே ஏத்து” என்பார். அந்த இடத்தில் சூடம் ஏற்றுவோம். எல்லாரும் இந்தியாவுக்குக் கப்பலேறிய காலத்தில் அவருக்கும் இடம் கிடைத்தது. போகவில்லை. “நாமளும் போயிட்டா செத்தவங்களுக்கு யாரு இருக்கா?” என்றார். அதை நான் மறுக்கவில்லை.

என் அம்மா காமாட்சிக்கு இருபது தப்படி எண்ணி எங்கள் வாசலில் நிற்பார். நான் ஒரு வருடமும் அங்கே சூடம் ஏற்றியதில்லை. கிழவிக்குத் திமிர் என்றீர்கள். சோற்றுப்பானையை எடுக்க வீட்டுக்குத் திரும்பிப் போய் அம்மா செத்தாள் என்பது அண்ணன் சொன்ன கதை. இருபது தப்படி போனவளுக்குத் திரும்பி வரத் தெரியாதா? சூளை வாயிலிருந்து நான் பார்த்தேன். அம்மா எங்கள் வாசலைத் தாண்டி மேற்கே ஓடினாள். அப்போது எனக்கு ஆறு வயது, அவருக்கு ஒன்பது. பெண்பிள்ளை உளறுகிறாள் என்றார்கள். பையன் சொன்னதை நம்பினார்கள்.

ஒருமுறை கோயில் பந்தியில் ஒருத்தி என்னைப் பார்த்து, “பானைக்காரி மக வந்துட்டா, சோத்தைப் பத்திரமா வைங்கடி!” என்றாள். பந்தியே சிரித்தது. சாம்பார் வாளியோடு அண்ணன் என் இலைக்கு முன்னால்தான் நின்றார். ஊற்றிவிட்டு அடுத்த இலைக்குப் போனார். நான் எழுந்து வந்துவிட்டேன்.

பெரும்புயலில், நாங்கள் குடியிருக்கும் லைங் தாயாவில் எங்கள் கூரை பறந்தபோது, இடுப்பளவு தண்ணீரில் முதலில் வந்தவரும் அவர்தான். தலையில் தார்ப்பாய். “உள்ள வரலாமா பொன்னம்மா?” என்றார். “தார்ப்பாய் வரட்டும், நீங்க போங்க” என்றேன். வெளியே நின்றபடியே கட்டிக் கொடுத்துவிட்டுப் போனார்.

சாவதற்கு மூன்று நாள் முன்பு பார்க்கப் போனேன். உடம்பு எப்படி என்று கேட்கவில்லை.

“அண்ணே, எங்கம்மா எங்கே விழுந்தா?”

“எங்க வீட்டுக் கொல்லையில. முருங்கை மரத்தடியில. கன்னுக்குட்டிய அவுத்துவிடப் போனேன். உங்கம்மா ஓடி வந்து என்னை இழுத்து வாய்க்காலுக்குள்ள தள்ளினா.”

“அப்புறம் பானை எங்கேருந்து வந்துச்சு?”

“அவ எங்கேன்னு எங்கப்பா கேட்டாரு. கன்னுக்குட்டிக்காகப் போனேன்னா அடிப்பாருன்னு வாயில வந்ததைச் சொல்லிட்டேன். ஊரு புடிச்சிக்கிச்சு.”

“அடிக்குப் பயம் ஒரு நாளைக்கு. உங்கப்பா செத்து எத்தனை வருசமாச்சு?”

“நீயே மாத்திப் போடு பொன்னம்மா. என் கை நடுங்குது.”

“பொய் வரைஞ்ச கைதான் மாத்தணும்” என்று சொல்லிப் பென்சிலைத் தலையணையில் வைத்துவிட்டு வந்தேன்.

காரியம் முடிந்ததும் மா ஏய் படத்தைக் கொண்டுவந்து கொடுத்தாள். எங்கள் வாசலில் அம்மாவின் குறி அப்படியே இருந்தது. அதிலிருந்து மேற்கே புதிதாக ஒரு பென்சில் கோடு. நடுங்கி நடுங்கி ஒன்பது வீடு தாண்டி, பத்தாவது வீட்டு வாசலில் நின்றுவிட்டது.

பாதி வழி. இத்தனை வருடம் கையில் இருந்தும் பாதி வழிதான் வந்தார். இதற்காக அவரை மன்னித்துவிட்டேன் என்று யாரும் சொல்ல வேண்டாம். மீதிக் கோட்டை நான் போட்டேன். முருங்கை மரத்தடியில் அம்மா பெயரை எழுதினேன். பக்கத்தில், ‘வீராசாமி பிழைத்த இடம்’ என்றும் எழுதினேன். அதுவும் உண்மைதானே.

தை மாதம் எல்லாரும் வாருங்கள். இனி தப்படி எண்ணுகிறவள் நான். இருபதில் நிற்க மாட்டேன், மேற்கு முனை வரைக்கும் நடக்க வேண்டும். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்த ஒன்பது வீட்டுக் கோடு. அதை அழிக்கவும் மாட்டேன், அதன் மேல் மை போடவும் மாட்டேன்.