மூடிக் கம்பெனிப் பங்குகள்

என் அக்காவின் வீட்டுக்காரரை முகத்துக்கு நேரே மாமா என்போம். அவர் அந்தப் பக்கம் போனதும் ‘பங்குதாரர்’ என்போம். பாட்டில் மூடி செய்கிற கம்பெனியில் அவர் மெக்கானிக். மூடி அச்சு இயந்திரம் மக்கர் பண்ணினால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். ஆனால் நல்லது கெட்டது எதற்குப் போனாலும் மனுஷன் இயந்திரத்தைப் பற்றி வாயே திறக்க மாட்டார், பங்கைப் பற்றித்தான் பேசுவார். பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்தவன் பாடு திண்டாட்டம்.

கம்பெனி சின்னதாக இருந்த காலத்தில், ஒரு வருஷம் போனஸ் கொடுக்கப் பணமில்லாமல் முதலாளி தொழிலாளிகளுக்குப் பங்குகளைக் கொடுத்தார். மற்றவர்கள் வயிற்றெரிச்சலோடு வந்த விலைக்குத் தள்ளிவிட, மாமா அவர்களிடமிருந்தும் வாங்கிச் சேர்த்தார். என்னையும் வாங்கச் சொன்னார். நான் பள்ளிச் சீருடை தைக்கிறவள். இரண்டாவது தையல் மெஷினுக்காக வைத்திருந்த பணத்தை அவர் பேச்சைக் கேட்டு அதில் போட்டேன். வாங்கிப் போட்டுவிட்டு மறந்துவிடு என்றார். எனக்குத்தான் அடுப்பில் வைத்த பாலே மறந்துபோகுமே, இது எம்மாத்திரம்.

வருஷங்கள் போயின. மருந்து பாட்டில், எண்ணெய் பாட்டில், தண்ணீர் பாட்டில் என்று உலகமே மூடி கேட்டது. பங்கு இரண்டாகப் பிரிந்தது, மறுபடி பிரிந்தது, இலவசப் பங்குகள் வேறு வந்தன. ஒருநாள் வங்கிக்காரப் பெண் கணக்குப் பார்த்துச் சொன்ன தொகையைக் கேட்டு நான் தண்ணீர் வாங்கிக் குடித்தேன். ஒரு மெஷின் வாங்க வைத்திருந்த காசு, நான் வாடகைக்கு இருந்த கடையைப் போல இரண்டை வாங்கும் அளவுக்கு வளர்ந்திருந்தது. அதில் பாதியை விற்றுக் கடையை வாங்கவும் செய்தேன்.

எனக்கே இவ்வளவு என்றால், என்னைவிடப் பத்து மடங்கு வைத்திருந்த மாமாவுக்கு எவ்வளவு இருக்கும்? சொந்தக்காரர்கள் விரல்விட்டு எண்ணிப் பெருமூச்சு விட்டார்கள். பங்கு வைத்திருப்பவர்களுக்குக் கம்பெனி அனுப்பும் ஆண்டறிக்கை அவர் வீட்டுக்குத் தபாலில் தவறாமல் வரும். ஆண்டுக் கூட்டத்துக்கு மாமா சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு போவார், பிஸ்கட் பொட்டலத்தோடு திரும்புவார். அக்கா அலட்டிக்கொள்ள மாட்டாள். கைமுதல் இருக்கிறது என்ற நிம்மதி மட்டும் அவள் நடையில் தெரியும்.

அப்படி இருக்கும்போதுதான் அவர்கள் குடியிருந்த வீட்டின் உரிமையாளர் வீட்டை விற்கப்போவதாகச் சொன்னார். நெடுநாள் குடியிருப்பவர்கள் என்பதால் முதலில் அவர்களைத்தான் கேட்டார். அக்காவுக்கு அந்த வீடு என்றால் உயிர். சமையலறை ஜன்னல் வெளிச்சத்துக்காகவே அதில் சாகும்வரை இருப்பேன் என்பாள். பங்கை வித்துடுங்க என்றாள். விலை இறங்கியிருக்கிறது, ஏறட்டும் என்றார் மாமா. ஏறியது. ஏறும்போது யாராவது விற்பார்களா என்றார். இதற்குள் வேறொரு ஆள் வந்து, அக்கா சமைத்துக்கொண்டிருக்கும்போதே சமையலறையை டேப் வைத்து அளந்துவிட்டுப் போனான். ஞாயிற்றுக்கிழமைக்குள் முடிவைச் சொல்லுங்கள் என்று உரிமையாளரும் கெடு வைத்துவிட்டார்.

அந்த வாரம் ஒருநாள் மதிய வேளையில் மாமா என் கடைக்கு வந்தார். தைக்க வந்தவர் மாதிரி துணிகளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். பிறகு, என் பங்குகளைக் கொஞ்ச நாள் தன் பெயருக்கு மாற்றித் தர முடியுமா, ஞாயிற்றுக்கிழமைக் கெடு தாண்டும்வரை அக்காவிடம் காட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன் என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. உங்களுடையது எங்கே போயிற்று என்று கேட்டேன்.

“வித்துட்டேம்மா. ஒண்ணே ஒண்ணைத் தவிர எல்லாத்தையும்.”

“எப்ப?”

“நீ வாங்கின அடுத்த வாரம்.”

அந்த வாரம் கம்பெனியின் பெரிய வாடிக்கையாளர் ஒருவர் கைவிட்டுப் போனாராம். இயந்திரங்கள் சும்மா நின்றன. அவற்றைத் தினமும் கிட்ட இருந்து பார்ப்பவர் மாமா. கம்பெனி முழுகிவிடும் என்று பயந்து வந்த விலைக்கு விற்றுவிட்டார். அந்தப் பணத்தை ஓவர்டைம் சம்பளம் என்று சொல்லி அக்காவிடம் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துத் தீர்த்தார். ஒரு பங்கை மட்டும் விட்டுவைத்தது, அறிக்கை தபாலில் வரவேண்டுமே என்பதற்காக. அந்த ஒன்று பிரிந்து பிரிந்து இப்போது ஒரு கைப்பிடி ஆகியிருக்கிறது. ஒவ்வொரு வருஷமும் அதைப் பார்த்துத்தான் எவ்வளவு போயிற்று என்று அவருக்குத் தெரியுமாம்.

“பயந்து வித்தீங்க, சரி. என்கிட்ட ஏன் விக்கச் சொல்லல?”

“அதுக்கு முந்தின வாரம்தானே வாங்கச் சொன்னேன். எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுச் சொல்றது? வெக்கமா இருந்துச்சு.”

எனக்கு வந்த ஆத்திரத்தில் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுத்தான் பேசினேன். முழுகப்போகிற கப்பல் என்று நினைத்துக்கொண்டே என்னை அதில் விட்டிருக்கிறார்! ஆனால் பேசப் பேச என் குரல் இறங்கிவிட்டது. அவர் வெட்கப்படாமல் வந்து சொல்லியிருந்தால் நானும் விற்றிருப்பேன். நான் நின்றிருந்த கடை, அந்த மனுஷனின் வெட்கத்தில் கிடைத்த கடை. எனக்கும் கூசியது. பொய்க்கு வர மாட்டேன், பணமாக வேண்டுமானால் வெளிப்படையாகத் தருகிறேன், ஆனால் அக்காவுக்குத் தெரிந்தாக வேண்டும் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை நானும் போனேன். மாமா சுவரைப் பார்த்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னார். நான் என் பங்கில் மீதியை விற்றுத் தருகிறேன் என்று ஆரம்பித்தபோது அக்கா, “அது உன் காசு” என்று கையைக் காட்டி நிறுத்தினாள்.

அப்புறம் அவரிடம் கேட்டாள். “என் பல்லு வைத்தியத்துக்குக் காசு கேட்டேனே, அப்ப?”

“அப்பவும் இல்ல.”

“நம்ம பொண்ணு வெளியூர்ல படிக்கிறேன்னாளே, அப்ப?”

அவர் தலையை மட்டும் அசைத்தார்.

“ஆஸ்பத்திரியில எனக்கு வேலை கிடைச்சப்ப, நமக்கென்ன தலையெழுத்தான்னு சிரிச்சீங்க. நானும் சிரிச்சேன். அன்னைக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் வேலைக்குப் போயிருப்பேன். இந்த வீட்ட நானே வாங்கியிருப்பேன்.”

மாமா இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். அந்த மனுஷன் அப்படிக் குறுகி உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. அவரைத் திட்டவும் முடியவில்லை, தேற்றவும் முடியவில்லை.

அக்கா போனை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். வீட்டு உரிமையாளரிடம் அவரே சொல்லட்டும், அவள் காதால் கேட்க வேண்டும் என்றாள்.

மாமா எண்ணை அழுத்தினார். நலம் விசாரித்தார். “வீட்டு விஷயமா... இப்ப மார்க்கெட் இருக்கிற நிலைமையில...” என்று தொடங்கினார். அக்கா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் தொண்டையைச் செருமினார்.

“இல்லைங்க. விலையெல்லாம் நியாயமான விலைதான். எங்ககிட்ட பணம் இல்லைங்க. ரொம்ப வருஷமாவே இல்ல.”

அதுவரை கல்லாக நின்றிருந்த அக்கா அப்போதுதான் அழுதாள்.