நெஞ்சு வலி என்று வாங்கிய கையெழுத்து

சனிக்கிழமை கடைசி நாள். வியாழக்கிழமை காலையில் கிளினிக்கில் டிரெசரின் மேசையைத் துடைக்கும்போதுதான், என் மகளின் விண்ணப்பப் பாரம் டிராயருக்குள் சிகரெட் பெட்டிக்கு அடியில் கிடந்ததைப் பார்த்தேன். எனக்கு எழுத்து தெரியாது. ஆனால் பாரத்தில் ஒட்டியிருந்த படம் தேவகியின் முகம்.

கோலசிலாங்கூர் பக்கம் ஒரு தோட்டத்துக் கிளினிக்கில் அப்போது எனக்கு ஆயா வேலை; குடியிருப்பு தொழிலாளர் லயத்தில். ஊசி வேகவைப்பேன், பாட்டில் கழுவுவேன். எண்பதுகளின் நடுவில் என்று நினைக்கிறேன். தேவகி பள்ளியின் கடைசிப் படியான ஆறாம் படிவம் முடித்து நல்ல புள்ளிகள் வாங்கியிருந்தாள். இந்தியாவில் மருத்துவம் படிக்க ஒரு சங்கம் உபகாரச் சம்பளம் தந்தது. அதற்கு ஒரு டாக்டரின் கையெழுத்து வேண்டும்.

டிரெசர் டாக்டர் இல்லை. மருந்து கலக்கிக் கட்டுப்போடுபவர். ஆனால் 'டாக்டரையா' என்று கூப்பிடாவிட்டால் திரும்பமாட்டார். காய்ச்சலுக்கும் கால்வலிக்கும் ஒரே சிவப்புத் தண்ணீர். பாசிர் பெனம்பாங்கில் நண்டு வாங்க வேண்டுமென்றால் மட்டும் கிளினிக்கைச் சீக்கிரம் பூட்டிவிடுவார். அந்த நேரத்தில் யாருக்கும் நோய் வரக்கூடாது.

டாக்டரிடம் கையெழுத்து வாங்கித் தருகிறேன் என்று அவர் பாரத்தை வாங்கி வைத்து இரண்டு வாரமாகியிருந்தது. கேட்டேன்.

"என்னா அஞ்சல, டாக்டருகிட்ட இதெல்லாம் நீட்ட முடியுமா? நர்ஸ் வேலைக்கு எழுதச் சொல்லு லா. லயத்துப் புள்ளைக்கு அதே பெருசு."

"நீங்க நீட்ட வேணாங்கய்யா" என்று சொல்லிப் பாரத்தை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டேன்.

உண்மையான டாக்டர், ஒரு சீனர், வியாழன்தோறும் டவுனிலிருந்து வருவார். டிரெசர் பேர் எழுதிக் கூப்பிட்டால்தான் அவர் முன்னால் போகலாம். நோயாளி பேசுவதை டிரெசர் ஆங்கிலத்தில் சொல்வார். நம் ஆள் மூன்று நாள் வயிற்றுப்போக்கை விலாவாரியாகச் சொல்லுவான். இவர் இரண்டு வார்த்தையில் முடித்துவிடுவார். எங்களுக்கும் கடைத்தெரு மலாய் தெரியும். ஆனால் வாயைத் திறக்க விட்டால்தானே.

நான் போய் வரிசையில் நின்றேன்.

"உனக்கென்ன வந்துச்சு?"

"நெஞ்சு வலிங்கய்யா. பேர எழுதுங்க. நான் செத்துப்போனா மேனேஜரு ஒங்களத்தான் கேப்பாரு."

எழுதினார். வேறு வழியில்லை.

டாக்டர் குழாயை நெஞ்சில் வைக்கப் போனார். நான் பாரத்தை எடுத்து மேசையில் விரித்தேன். "துவான், சாயா தா சாகிட்" என்றேன். எனக்கு நோயில்லை, இது என் பிள்ளையின் பாரம், டாக்டருக்குப் படிக்கப் போகிறாள் என்று தெரிந்த மலாயில் கொட்டினேன். டிரெசர் குறுக்கே பாய்ந்து ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார். டாக்டர் கையைக் காட்டி நிறுத்தினார்.

அவர் பாரத்தைப் பார்த்தார். பிறகு நோயாளிப் பதிவேட்டைத் திருப்பிப் பார்த்தார். பாரத்தை நிரப்பியது போலவே, பள்ளி விடுமுறைகளில் அதை எழுதியவளும் தேவகிதான். டிரெசர் தன் எழுத்து என்று சொல்லிப் பேர் வாங்கியிருந்தார்.

"இது யார் எழுத்து?" என்று டாக்டர் மலாயில் என்னைக் கேட்டார்.

"என் பிள்ளை எழுத்து, துவான்."

டிரெசர் சுவரில் இருந்த காலண்டரைப் படித்துக்கொண்டிருந்தார். டாக்டர் கையெழுத்துப் போட்டு, கீழே நாலு வரியும் எழுதினார். தேவகி அன்றே பஸ் ஏறிச் சங்கத்துக்குப் போய்ப் பாரத்தைக் கையில் கொடுத்துவிட்டு வந்தாள்.

உபகாரச் சம்பளம் கிடைத்தது. வழியனுப்பும் கூட்டத்தில் டிரெசர் மாலையோடு வந்து மைக்கைப் பிடித்தார். "இந்தப் புள்ள டாக்டராகணும்னு மொதல்ல சொன்னவனே நாந்தான்."

நான் கீழே இருந்தே சொன்னேன்: "ஆமாங்கய்யா. அதக் கேட்டுத்தான் எனக்கு நெஞ்சு வலியே வந்துச்சு."

என் நெஞ்சு வலிக் கதை தோட்டம் முழுக்கத் தெரிந்திருந்ததால், கூட்டம் சிரித்து அடங்க நேரமாயிற்று. அவரும் சிரித்தார், பாவம், புரியாதவர் மாதிரி.

விண்ணப்பம் போடும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். கையெழுத்துப் போடுகிறவர் முன்னால் நீங்களே போய் நில்லுங்கள். வாங்கித் தருகிறேன் என்பவரிடம் பாரத்தைக் கொடுக்காதீர்கள்.