மாஜி என்று சொல்லாத தெரு

எங்கள் பக்கத்தில் ஒருவர் ஒரு தடவை அமைச்சர் ஆகிவிட்டால் சாகிற வரைக்கும் அவர் அமைச்சர்தான். ஆட்சி போகும், காரில் இருந்த கொடி போகும். ஆனால் கல்யாணப் பத்திரிகையில் அமைச்சர் என்றே போடுவார்கள். எதிரில் வந்தால் எழுந்து நிற்பார்கள். மாஜி என்பது பேப்பர்காரர்கள் எழுதுகிற வார்த்தை. முகத்துக்கு நேரே அப்படிச் சொல்வது தாலி அறுத்தவளிடம் போய் அதைச் சொல்லிக் காட்டுவது மாதிரி. நானும் யாரையும் அப்படிச் சொன்னதில்லை. அந்த மரியாதையில்தான் பதினோரு வீடு போயிற்று. கொஞ்சம் அந்த மரியாதையில், மிச்சம் என் வாயில். பிறத்தியார் சொன்னால் கூட்டியோ குறைத்தோ சொல்வார்கள் என்பதால் நானே சொல்லிவிடுகிறேன். ஒரு நாளைக்கு நாலு வரி எழுதுவேன். பக்கத்து வீட்டுக்காரி பிழை திருத்துவாள். அவசரம் ஒன்றும் இல்லை.

எனக்கு எழுபது தாண்டிவிட்டது. அடுத்தவர் வயலில் நடவு நட்டு, கதிர் அறுத்து வளர்ந்த உடம்பு. யார் வாசலிலும் மிச்சச் சோற்றுக்கு நின்றதில்லை. ஒரு தடவை ஊராட்சியில் வார்டு உறுப்பினராகவும் இருந்தேன். எங்கள் தெருவில் என் வயசுப் பெண்களில் கையெழுத்துப் போடத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அதனால் எனக்குப் படிக்கவும் தெரியும் என்று தெருவே முடிவு செய்துகொண்டது. பஸ் பலகை படிப்பேன். ரேஷன் கடை நோட்டீஸ் எழுத்துக்கூட்டிப் படிப்பேன். சின்ன எழுத்தில் நாலு வரிக்கு மேல் போனால் கண்ணுக்குத் தெரியும், புத்திக்கு ஏறாது. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

திருப்போரூரிலிருந்து கடற்கரைப் பக்கம் போகிற வழியில் உப்பங்கழி ஓரத்து மேட்டில் எங்கள் வீடுகள். பதினொன்று. பட்டா கொடுத்தவர் எங்கள் தொகுதியில் ஜெயித்து அமைச்சரானவர். பந்தல் போட்டு, எங்கள் ஒவ்வொருவர் கையிலும் அவரே கொடுத்தார். அதற்கு முன்னால் எங்கள் வம்சத்தில் யார் பேரிலும் ஒரு அடி மண் எழுதியிருந்ததில்லை. பட்டாவைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு அரிசிப் பானைக்குள் வைத்திருந்தவர்கள் உண்டு.

இரண்டு வருசம் கழித்து ஒரு வீட்டுக்காரர் அரசு வீட்டுத் திட்டத்துக்கு எழுதிப் போட்டார். அளக்க வந்த சர்வேயர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். பட்டாவில் இருக்கிற சர்வே நம்பர் மேட்டுக்கு உரியது அல்ல, பக்கத்து நம்பர், அது முழுக்கக் கழிக்குள் தண்ணீரில் கிடக்கிறது என்றார். வீடு நிற்கிற மேடு கணக்கில் இன்னும் அரசு புறம்போக்கு. எழுதியவர் ஒரு நம்பர் தள்ளி எழுதிவிட்டார். எங்களுக்குக் கொடுத்தது தண்ணீர்.

அன்று மத்தியானமே அமைச்சரைப் பார்க்கப் போனேன். அப்போது அவர் பதவியில் இருந்தார். கூட்டத்தைத் தள்ளிவிட்டு உள்ளே கூப்பிட்டார். சொன்னேன். ஒரு தாளில் இரண்டு நம்பரையும் அவர் கையாலேயே குறித்துக்கொண்டார்.

"இத யார்கிட்டயும் சொல்லாதம்மா. வெளிய தெரிஞ்சா அந்த மேட்ட கேட்டுக்கினு எவனாவது வந்துடுவான். நான் சரி பண்ணித் தரேன்."

தெருவுக்கு மட்டும் சொன்னேன், வெளியே யாரும் மூச்சு விடவில்லை. எங்கள் தெருவில் குடிக்கிற ஆம்பிளைகள் ஐந்து பேர். போதையில் பெண்டாட்டி நகையை எங்கே ஒளித்தாள் என்பது வரைக்கும் கத்துவார்கள். இதை மட்டும் ஒருத்தனும் உளறவில்லை. அவர் சரி பண்ணவும் இல்லை. இன்றைக்கு ஆகும், நாளைக்கு ஆகும் என்று இருந்தோம். தேர்தல் வந்தது. தோற்றார்.

தோற்ற வருசமே ஒரு நாள் காலையில் எங்கள் தெருவுக்கு வந்தார். வெள்ளைக் கார். கூட, கழுத்தில் அட்டை தொங்குகிற இரண்டு பேர். "அமைச்சர் வந்துட்டாரு" என்று ஒருத்தி ஓடி வந்தாள். எல்லாரும் எழுந்து நின்றோம். நாற்காலி போட்டேன். மறக்காமல் வந்தாரே என்று ஓடிப்போய் மோர் கரைத்துக்கொண்டு வந்தேன். பட்டாவைத் திருத்த வேண்டுமென்றால் அசல் வேண்டும், இந்த மனுவில் எல்லாரும் கையெழுத்தோ கைநாட்டோ போட வேண்டும் என்றார். மனு மூன்று பக்கம். சின்ன எழுத்து.

அந்த இரண்டு பேர் யார் என்று நான் கேட்கவில்லை. அமைச்சரோடு வருகிறவர்கள் ஆபீஸ் ஆட்கள்தானே. அவருக்கு ஆபீஸே இல்லை என்பது என் புத்தியில் உறைக்கவில்லை. தோற்றது தெரியும். நானே ஓட்டு எண்ணுகிற அன்று அழுதவள். ஆனாலும் உறைக்கவில்லை.

வீடு வீடாகப் போய்ப் பட்டாவை வாங்கியது நான். பத்து வீட்டில் மறு பேச்சு இல்லை. கடைசி வீடு என் பக்கத்து வீட்டுக்காரி. பொத்தேரியில் பெண்கள் விடுதியில் துப்புரவு வேலை, பத்தாவது பெயில், வாய் மட்டும் வக்கீல் வாய். வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள்.

"இன்னா யக்கா, அவுருதான் இப்ப மந்திரியே இல்லியே. அவுருகிட்ட எதுக்குப் பட்டாவ தூக்கிக் குடுக்கணும்?"

"பட்டா குடுத்த கைடி அது."

"குடுத்த கையே புடுங்கிக்கினு போனா? அந்தப் பேப்பர குடு. படிச்சிட்டுப் போடறேன்."

"நான் படிச்சிட்டேன்."

"முழுசாவா?"

"முழுசா. பட்டா திருத்தறதுக்கு மனு, அவ்ளோதான். பத்தாவது தாண்டாதவ எனக்குச் சொல்ல வந்துட்டியா? அமைச்சரு குந்திக்கினு கீறாரு, சீக்கிரம் போடு."

அவள் முகம் சுருங்கிப்போனது. போட்டாள். பஸ்ஸுக்கு ஓடினாள்.

நான் அந்த மனுவில் மேலே இருந்த பெரிய எழுத்தைத்தான் படித்திருந்தேன். "மாண்புமிகு" என்று ஆரம்பித்தது.

மழைக்காலம் முடிந்ததும் மேட்டைச் சுற்றிக் கல் நட்டார்கள். பின்னாலேயே நோட்டீஸ் வந்தது. கடற்கரை விடுதி கட்டுகிற ஒரு கம்பெனி வேறு இடத்தில் நிலம் கொடுத்துவிட்டு அதற்குப் பதில் இந்த மேட்டை அரசிடம் கேட்டிருக்கிறதாம். நாங்கள் எல்லாரும் ஓர் ஆளாகப் போய்த் தாலுகா ஆபீஸில் நின்றோம். அங்கே ரிட்டயர் ஆகப் போகிற ஒரு அதிகாரி, நல்ல மனுஷர், எங்கள் மனுவை எடுத்து உரக்கப் படித்துக் காட்டினார். எங்கள் வீடுகள் அரசு புறம்போக்கில் உரிமை இல்லாமல் இருப்பது எங்களுக்குத் தெரியும். மாற்று இடம் கொடுத்தால் முழுச் சம்மதத்தோடு காலி செய்வோம். கீழே வரிசையாக எங்கள் கையெழுத்து, கைநாட்டு. முதலில் என்னுடையது, கொஞ்சம் பெரிதாகவே.

"அமைச்சரு பட்டா திருத்தறதுக்குன்னு சொன்னாரே ஐயா" என்றேன்.

"யாரும்மா அமைச்சரு? அவர் அந்தக் கம்பெனிக்கு ஆலோசகரா சேந்து நாளாச்சு. தோத்த மறுமாசமே போயிட்டாரு."

"அப்பிடிப் போவலாமா? கேக்கறதுக்குச் சட்டம் இல்லியா?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பெரிய பதவியில இருக்கற அதிகாரிங்களுக்கு இருக்கும்மா. ரிட்டயர் ஆன கையோட கம்பெனிக்குப் போகணும்னா அரசாங்கத்துகிட்ட அனுமதி கேக்கணும். மந்திரிக்கு எனக்குத் தெரிஞ்சு அப்பிடி எதுவும் கிடையாது. காலையில ராஜினாமா, சாயங்காலம் கம்பெனி. யாரும் கேக்க முடியாது."

அன்றைக்கு ராத்திரி எல்லாம் அது எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது. சாவு வீட்டுக்குப் போய் வந்தவன்கூடத் தலை முழுகிவிட்டுத்தான் அடுத்த வீட்டுப் படி ஏறுகிறான். பிள்ளை பெற்றவளுக்கு இத்தனை நாள் என்று இருக்கிறது. புருஷன் செத்தவளுக்கு இத்தனை நாள் என்று இருக்கிறது. ஒரு இடத்து வாடையோடு இன்னொரு இடத்துக்குள் நுழையாதே என்று எங்களுக்கெல்லாம் யாரோ எழுதி வைத்திருக்கிறார்கள். ஊருடைய ரகசியத்தை எல்லாம் காதில் வாங்கிய மனுஷனுக்கு மட்டும் தீட்டும் இல்லை, முழுக்கும் இல்லை.

அவரைப் பார்க்கப் போனேன். தெருவில் யாரிடமும் சொல்லவில்லை. பழைய மகாபலிபுரம் ரோட்டில் கண்ணாடிக் கட்டிடம், நாலாவது மாடி. என்னைப் பார்த்ததும் அவரே எழுந்தார். காப்பி வரவழைத்தார்.

"அமைச்சரே, இது நாயமா?"

"சட்டத்த மீறி நான் ஒண்ணும் செய்யலம்மா. அன்னிக்கி கவர்மெண்ட்டுக்கு வேல பாத்தேன். இன்னிக்கி இவங்களுக்குப் பாக்கறேன். தோத்துட்டா வூட்லயே குந்திக்கினு கெடக்கணுமா? எனக்கும் பொழப்பு வேணாமா?"

"பொழச்சிக்குங்க. நான் ஒங்ககிட்ட நம்பிச் சொன்னத வித்தா பொழைக்கணும்?"

"நீ சொல்லலன்னாலும் ரெக்கார்டுல இருக்குது."

"ரெக்கார்டுல எத்தினியோ கீது. இந்தப் பக்கம் பாருன்னு கம்பெனிக்குக் காட்னது யாரு?"

அவர் காப்பியை என் பக்கம் நகர்த்தினார். "மாத்து இடம் நான் சண்ட போட்டு வாங்கினது. நான் இல்லன்னா ஒங்களுக்கு அதுவும் கெடச்சிருக்காது" என்றார். அதை அவர் நிஜமாகவே நம்பினார். குரலில் தெரிந்தது. ஏமாற்றுகிறவன் என்றால் திட்டிவிட்டு வரலாம். நல்லது செய்தேன் என்று நம்புகிறவனை என்ன சொல்லித் திட்டுவது?

காப்பியைக் குடித்துவிட்டேன். வெயிலில் வந்திருந்தேன். இறங்கி ரோட்டுக்கு வந்த பிறகுதான் அவர் கொடுத்ததைக் குடித்தது உறைத்தது.

செங்கல்பட்டில் ஒரு வக்கீலம்மா எங்கள் கேஸை எடுத்தார். அவர் சுற்றி வளைக்கவில்லை. "அந்த மனுதான் ஒங்க கழுத்துல சுருக்கு. அதுல இருக்கறது இன்னதுன்னு தெரியாமப் போட்டாங்கன்னு சொல்லணும். ஜனங்களுக்கு எடுத்துச் சொன்னது யாரு?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"நீங்க படிச்சீங்களா பாட்டி?"

நான் மேசையில் இருந்த மனு நகலைக் கவிழ்த்து வைத்தேன். வக்கீலம்மா புரிந்துகொண்டார். "இத விசாரணையில எல்லார் முன்னாலயும் சொல்லணும். யோசிச்சிச் சொல்லுங்க" என்றார். யோசிக்க என்ன இருக்கிறது? ஒரு பக்கம் பதினோரு வீடு. மறு பக்கம், நாற்பது வருசமாக இந்தத் தெரு என்னிடம் நோட்டீஸைக் கொண்டு வந்து நீட்டிய நீட்டல். அதுதான் என் சொத்து. எனக்கு வேறு சொத்து கிடையாது.

விசாரணையில் சொன்னேன். எனக்குச் சரியாகப் படிக்கத் தெரியாது. மனுவை நான் படிக்கவில்லை. படித்தேன் என்று இவர்களிடம் பொய் சொன்னேன்.

கம்பெனி வக்கீல் எழுந்தார். "இந்தம்மா வார்டு மெம்பரா இருந்தவங்க. தீர்மான நோட்டுல மாசா மாசம் கையெழுத்துப் போட்டிருக்காங்க."

விசாரணை நடத்திய அதிகாரி என்னைப் பார்த்துக் கேட்டார். "அதெல்லாம் படிக்காமத்தான் போட்டீங்களா?"

"ஆமாங்க."

"ஒண்ணு கூடப் படிக்கலியா?"

"மேல இருக்கற பெரிய எழுத்த படிப்பேன்."

பின்னால் யாரோ சிரித்தார்கள். எங்கள் தெரு ஆளா, வேறு ஆளா என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை.

திரும்பி வருகிற பஸ்ஸில் ஒருவரும் என்னோடு பேசவில்லை. பக்கத்து வீட்டுக்காரி மட்டும் வந்து பக்கத்து சீட்டில் உட்கார்ந்தாள்.

"எம் மாமனாரு செத்து நாங்க அழுதுக்கினு கெடந்தப்ப ஆஸ்பத்திரி சீட்ட நீதானே படிச்சிக் காட்ன?"

"ஆமா."

"அதுல இன்னா எழுதியிருந்திச்சி?"

"தெரியாது. மாரடைப்புன்னு டாக்டரு பேசிக்கினு இருந்தது காதுல விழுந்திச்சி. அதச் சொன்னேன்."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "அன்னிக்கி அந்தப் பேப்பர என் கைல குடுத்திருக்கலாம் யக்கா" என்றாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

உத்தரவு வந்தது. அதைப் பக்கத்து வீட்டுக்காரிதான் படித்தாள், ஒவ்வொரு வரியாக, நிறுத்தி. மனுவில் இருப்பது தெரியாமல் கையெழுத்து வாங்கியிருப்பதால் அந்த மனு செல்லாது. தெருவில் ஒரு சத்தம் எழுந்தது. அவள் கையைக் காட்டி அடக்கிவிட்டு மேலே படித்தாள். ஆனால் மனுதாரர்களின் பட்டா வேறு நம்பருக்கு உரியது. வீடுகள் இருக்கிற இடம் புறம்போக்கு. ஆகவே மாற்று இடத்தைப் பெற்றுக்கொண்டு காலி செய்ய வேண்டும்.

கையெழுத்தை அடித்துவிட்டார்கள். அவர் தலைக்குள் நான் போட்ட சர்வே நம்பரை யாரால் அடிக்க முடியும்? ஒரே ஒரு வருசம் அவரை எங்கேயும் போகாதே, சும்மா இரு என்று ஒரு விதி தடுத்திருந்தால், அதற்குள் நாங்கள் புது ஆட்சியில் யார் காலையாவது பிடித்து அந்த ஒரு நம்பரைத் திருத்தியிருப்போம். செய்திருப்போமா? செய்திருப்போம் என்றுதான் சொல்லிக்கொள்கிறேன்.

மெஷின் வருகிற வரைக்கும் நாங்கள் காத்திருக்கவில்லை. மெஷின் வந்தால் ஓடு, கதவு, ஜன்னல் ஒன்றும் மிஞ்சாது. அவரவர் வீட்டை அவரவரே பிரித்தோம். என் வீட்டுக் கதவை நானே கீலிலிருந்து கழற்றிவிட்டேன். வாசல் வரைக்கும் இழுத்தேன். அதற்கு மேல் நகரவில்லை. என்னைத் தாண்டி ஆட்கள் போனார்கள், வந்தார்கள். நான் யாரையும் கூப்பிடவில்லை.

பக்கத்து வீட்டுக்காரி அவள் வீட்டுக் கூரை ஓடுகளை இறக்கிக்கொண்டிருந்தாள். தலையில் துண்டு, முகம் முழுக்கத் தூசி. கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு இறங்கி வந்தாள்.

"அந்தாண்ட பக்கம் புடி. தரையில தேச்சிக்கினு போவாத, கீழ்க்கட்ட பேந்துடும்."

பிடித்தேன். வேப்பமரக் கதவு, கனம். வண்டி நின்ற இடம் வரைக்கும் இரண்டு தடவை இறக்கி வைத்துத் தூக்கினோம்.