ஞாயிற்றுக்கிழமை நட்சத்திரக் கணக்கு

என் மகள் ஐரோப்பாவில் ஒரு மலைக்கு அடியில் வேலை செய்கிறாள். அடிவாரத்தில் என்று நினைத்துவிடாதீர்கள். மலையைக் குடைந்து போட்ட சுரங்கப் பாதையில் காரில் போய் இறங்க வேண்டிய ஆய்வுக்கூடம் அது. நட்சத்திரங்களுக்குள்ளே அணுக்கள் எப்படி மோதி வேறு அணுக்களாக மாறுகின்றன என்று அங்கே ஒரு கூட்டம் பேர் அளந்துகொண்டிருக்கிறார்கள். நட்சத்திரத்தைத் தெரிந்துகொள்ள வானத்தைப் பார்க்காமல் எதற்கு மலைக்குள் போய் ஒளிந்துகொள்ள வேண்டும் என்று ஒருமுறை கேட்டேன். வானத்திலிருந்து ஓயாமல் ஏதோ கதிர்கள் விழுகின்றனவாம், அவை கருவியைக் குழப்பிவிடுமாம், மலை அதைத் தடுக்குமாம். அதற்கு மேல் கேட்டால், "அது லாங் ஸ்டோரி மா" என்பாள்.

நான் மலேசியாவில், கோல சிலாங்கூருக்கு உள்ளே ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில் எடைமேடைக் கிராணி, அதாவது குமாஸ்தா. பழக்குலையோடு வரும் லோரியை மேடையில் ஏற்றி எடை பார்ப்பேன். குலையை இறக்கிவிட்டு வெறும் லோரி திரும்பி வந்ததும் மறுபடி பார்ப்பேன். இரண்டையும் கம்ப்யூட்டரில் ஏற்றி டிக்கெட் அடித்துக் கொடுத்தால் என் வேலை முடிந்தது. என் வேலையை எந்தக் குழந்தைக்கும் இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிடலாம். என் மகளுடைய வேலையை எனக்குச் சொல்லத்தான் அவளுக்கு நேரமும் இல்லை, பொறுமையும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிக்கு அழைப்பாள். அவளுக்கு அப்போது காலை. "சாப்டியா?" "சாப்டேன் மா." "என்னா சாப்ட்ட?" "ரொட்டி." "குளிரா?" "குளிர்தான்." "வேலை எப்படி?" "ஓகேலா." பிறகு போன் என் கணவர் கைக்குப் போகும். அவரும் இதையே கேட்பார். அவ்வளவுதான், அந்த வாரம் முடிந்தது. ரவாங்கில் தொழிற்சாலையில் இருக்கும் என் தங்கை மகள் தினமும் அவள் அம்மாவை அழைத்து, சூப்பர்வைசர் முறைத்தது, கேன்டீனில் மீன் நாறியது என்று மூச்சு விடாமல் ஒப்பிப்பாள். தங்கை அதை அலுப்பாகச் சொல்லும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். எனக்கும் அந்த அலுப்பு வேண்டும் என்று இருக்கும்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை, ரொட்டியும் குளிரும் முடிந்த பிறகு, எனக்குப் பொறுக்கவில்லை.

"நாள் பூரா கம்ப்யூட்டர்ல அப்படி என்னாதான் பண்ற? எனக்குக் காட்டு" என்றேன்.

"காட்டுனா புரியாது மா."

"புரியாட்டி போவுது. காட்டு."

சிரித்துக்கொண்டே ஒரு லிங்க் அனுப்பினாள். யாரோ ஒரு பல்கலைக்கழகத்தார் எல்லாருக்கும் இலவசமாகத் திறந்து வைத்திருக்கும் பக்கம். நட்சத்திரத்துக்குள் எந்த அணுக்கருவோடு எது மோதுகிறது என்று இரண்டு பெட்டிகளில் குறித்து, எவ்வளவு சூட்டில் என்று மூன்றாவது பெட்டியில் போட்டு, பொத்தானை அழுத்த வேண்டும். அந்தச் சூட்டில் அந்த மாற்றம் எவ்வளவு வேகமாக நடக்கும் என்று அது கணக்குப் போட்டுத் தரும். வினைவேகம் என்று தமிழில் சொல்வார்கள் போலிருக்கிறது. நாங்கள் ரேட் என்றே சொல்லிக்கொண்டோம்.

மறுநாள் ஆலையில் சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து திறந்தேன். முதல் பெட்டியில் சோடியம் இருந்தது. உப்பில் இருக்கிற சோடியம்தானே, தெரிந்த முகமாக இருக்கிறதே என்று அதையே தேர்ந்தெடுத்தேன். இரண்டாவதில் புரோட்டான். மூன்றாவதில் சூடு. அங்கேதான் யோசித்தேன். வெளியே வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. போனில் பார்த்தேன், முப்பத்திரண்டு டிகிரி என்று காட்டியது. சரி, நம் ஊர் சூட்டில் இந்தச் சோடியம் என்ன செய்கிறது பார்ப்போம் என்று 32 போட்டு அழுத்தினேன். சிவப்பு எழுத்தில் முடியாது என்று வந்தது. மறுபடி அழுத்தினேன். மறுபடி முடியாது. கோபம் வந்து ஸ்கிரீனைப் படம் எடுத்து மகளுக்கு அனுப்பினேன், "உன் மெஷின் கெட்டுப் போச்சு" என்று.

ஞாயிறு வரை அவளால் காத்திருக்க முடியவில்லை. அன்று மாலையே அழைத்தாள். பேச ஆரம்பிப்பதற்குள் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது.

"ம்மா, அந்தப் பெட்டில ஒன்னுன்னு போட்டாலே அது ஒரு பில்லியன் டிகிரி. நீங்க முப்பத்திரண்டு பில்லியன் டிகிரி போட்டிருக்கீங்க. அது எந்த ஊரு சூடு மா?"

"கோல சிலாங்கூர் சூடு. நீ வந்து நின்னு பாரு, தெரியும்."

அவள் அப்படிச் சிரித்துக் கேட்டு எவ்வளவு காலம் ஆயிற்று. சின்ன வயதில் சிரித்தால் விக்கல் வரும் அவளுக்கு. அன்றைக்கும் விக்கல் வந்தது. தண்ணீர் குடித்துவிட்டு வந்து, நட்சத்திரத்துக்கு என்ன சூடு போட வேண்டும் என்று பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தாள். 0.07 போடச் சொன்னாள். அதுவே ஏழு கோடி டிகிரியாம். போட்டேன். ஒரு வளைகோடும் அதன் கீழே ஓர் எண் அட்டவணையும் வந்தன. உப்பில் இருக்கும் சோடியம் ஒரு புரோட்டானை விழுங்கிவிட்டு மெக்னீசியமாக மாறுகிறதாம். அதன் வேகம் என் கண் முன்னால் இருந்தது. பைத்தியக்காரத்தனமாக ஒரு சந்தோஷம் வந்தது. பக்கத்து மேசை மலாய்க்காரப் பெண்ணைக்கூட அடுத்த நாள் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் பார்த்துவிட்டு, இதற்கு உனக்கு சம்பளம் கூட்டித் தருவார்களா என்று கேட்டாள்.

அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகள் மாறின. வாரத்தில் ஒன்றிரண்டு கணக்கு போட்டு வைத்துக்கொண்டு காத்திருப்பேன். கார்பனைப் போட்டேன், ஆக்ஸிஜனைப் போட்டேன், எதை எதோடு மோத விட்டால் என்ன ஆகும் என்று கேட்டுத் துளைத்தேன். பாதி புரியாது. புரியாததைப் பற்றி எனக்குக் கவலையும் இல்லை. அவள் பேசினாள், அதுதான் எனக்கு வேண்டும். கணக்குப் பேச்சுக்கு நடுவே மற்றதெல்லாம் தானாக வந்து விழுந்தது. கூட வேலை செய்யும் ஒருத்தி அளவெடுக்கும் நேரத்தில் பாட்டுப் பாடுவது, சுரங்கத்துக்குள் எப்போதும் ஒரே குளிராக இருப்பது, வெளியே வரும்போது மழையா வெயிலா என்று தெரியாமல் வருவது. ஒருநாள், அங்கே போன புதிதில் மூன்று மாதம் தினமும் அழுததாகச் சொன்னாள். அப்போதும் ஞாயிறு தவறாமல் "ஓகேலா" என்றுதானே சொன்னாள் இந்தப் பெண்.

ஒரு விஷயம் மட்டும் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. ஒரு சூட்டுக்கு அந்த இணையப் பக்கம் மூன்று விடை தந்தது. குறைவு, நடு, அதிகம் என்று மூன்று பத்தி. என் எடைமேடையில் ஒரு லோரிக்கு மூன்று எடை காட்டினால் டிரைவர் என்னை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவான். அவளிடம் கேட்டேன்.

"சரியா அளக்காததுனால மா. உண்மையான ரேட் இந்த ரெண்டுக்கும் நடுவுல எங்கயோ இருக்கு. எங்கன்னு யாருக்கும் தெரியாது. அந்த கேப்பைக் குறைக்கிறதுதான் என் வேலை."

முதல் தடவையாக என் மகளின் வேலை எனக்கு ஒரே வாக்கியத்தில் கிடைத்தது. அன்று வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் சொன்னேன்.

இதோடு நான் நிறுத்தியிருக்கலாம். ஆனால் என் மூளை அப்படி விடாது. அவளுடைய கான்ட்ராக்ட் அந்த வருடக் கடைசியில் முடிவதாக இருந்தது. நான் ஆலையில் உட்கார்ந்து போட்ட கணக்கும் அவள் அங்கே உட்கார்ந்து போடுகிற கணக்கும் ஒரே இணையப் பக்கத்தில்தானே ஓடுகின்றன? இன்டர்நெட் லைன் இருந்தால் போதும், எங்கிருந்தும் போடலாம். அளப்பவர்கள் அங்கே அளக்கட்டும், என் மகள் கோல சிலாங்கூரில் உட்கார்ந்து கணக்குப் போடட்டும். இந்த எண்ணம் வந்த நாளிலிருந்து எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

பின்னறையில் கிடந்த பழைய சாமான்களையெல்லாம் வெளியேற்றினேன். சுவருக்கு வெள்ளை அடிக்க வைத்தேன். மழை பெய்தால் படுத்துக்கொள்ளும் பழைய லைனை மாற்றி ஃபைபர் போட்டோம். குளிர்ச்சாதனம் மாட்டினோம். அத்தனை குளிரில் இருந்தவளுக்கு இந்த வேக்காடு ஆகாது என்று எனக்குத் தோன்றியது. கோல சிலாங்கூர் டவுனில் ஒரு நீள மேசையும், உட்கார்ந்தால் முதுகு வலிக்காது என்று கடைக்காரர் சத்தியம் செய்த நாற்காலியும் வாங்கினேன். என் கணவர் லோரி ஓட்டுகிறவர், அதிகம் பேசமாட்டார். மேசையை உள்ளே தூக்கிப் போட்டுவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"அவகிட்ட கேட்டியா?"

"கேட்டா வேணாம்னு சொல்லுவா. அதான் கேக்கல."

"இது நல்லால்ல" என்றார். அந்த மனிதர் சொல்வது எப்போதாவது சரியாக இருந்துவிடுகிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமை புது நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு நானே அவளை அழைத்தேன். கேமராவைச் சுற்றி அறையைக் காட்டினேன். அவள் முகம் மலர்ந்தது. யாருக்கு இந்த அறை என்று கேட்கவில்லை. நான் புது மேசையில் வைத்திருந்த கம்ப்யூட்டரின் ஸ்கிரீனைக் காட்டி, அவள் பார்க்கப் பார்க்கச் சோடியக் கணக்கை ஒரு தவறும் இல்லாமல் போட்டு முடித்தேன். வளைகோடு வந்து நின்றது. அப்புறம் வாரக்கணக்கில் மனதுக்குள் ஓட்டிப் பார்த்து வைத்திருந்ததைச் சொன்னேன்.

"பார்த்தியா? கோல சிலாங்கூர்ல உக்காந்து நானே போட்டுட்டேன். நீ போட முடியாதா? கான்ட்ராக்ட் முடிஞ்சதும் வந்துரு. எல்லாம் ரெடி."



"ம்மா, நீங்க போட்ட அந்த ரேட், யாரோ இங்க மெஷின் பக்கத்துல உக்காந்து அளந்ததுனால வந்தது. அளக்கலைன்னா அந்த வெப்சைட்ல போடறதுக்கு ஒன்னுமே இல்ல."

"அளக்கறதுக்கு வேற ஆள் இருக்காங்கல்ல? உங்க கூட்டத்துல ரெண்டு பேரு கணக்கு மட்டும்தான் போடறாங்கன்னு நீயே சொன்னியே. நீ மூனாவது ஆளா இரு."

இந்தப் பதிலை நான் தயாராக வைத்திருப்பேன் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"ம்மா, கேஎல்ல ஒரு வேகன்சி வந்துச்சு. லெக்சரர் போஸ்ட். என் சீனியர் அனுப்பினாங்க. ரெண்டு மாசம் ஆச்சு."

"அப்புறம்?"

"நான் அப்ளை பண்ணல."

"ஏன்?"

"எனக்கு இங்க பிடிச்சிருக்கு மா. இன்னும் மூனு வருஷம் இருக்கேன்னு சைன் பண்ணிட்டேன். உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

நான் எழுந்தேன். "இரு, அடுப்புல பால் வச்சிருக்கேன்" என்றேன். அடுப்பில் பாலும் இல்லை, ஒன்றும் இல்லை. சமையலறையில் போய்ச் சும்மா நின்றேன். அழுகையாக வந்தது. ஏதோ ஒரு மெஷின் என் பெண்ணைப் பிடித்து வைத்திருக்கிறது என்று இத்தனை நாளும் அதைத் திட்டிக்கொண்டிருந்தேன். ஒரு மேசையும் நாற்காலியும் நல்ல லைனும் இருந்தால் அதனிடமிருந்து அவளைப் பிடுங்கிவிடலாம் என்றும் நம்பினேன். யாரும் அவளைப் பிடித்து வைக்கவில்லை. கேஎல் என்கிற கோலாலம்பூர் எங்கள் வீட்டிலிருந்து ஒரு மணி நேரத்துச் சமாச்சாரம், ஞாயிறுதோறும் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் போயிருப்பாள். அதை அவளே வேண்டாம் என்று வைத்திருக்கிறாள். அங்கே சந்தோஷமாக இருக்கிறாள். பெற்றவள் அதற்குச் சந்தோஷப்பட வேண்டும் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் எனக்கு அவள் வேண்டும். சாயங்காலம் வேலை விட்டு வரும்போது அவள் செருப்பு வாசலில் கிடக்க வேண்டும். அவ்வளவுதான் நான் கேட்டது.

முகத்தைக் கழுவிக்கொண்டு திரும்பிப் போனபோது அவள் போனை வைத்திருப்பாள் என்று நினைத்தேன். வைக்கவில்லை. அப்படியே உட்கார்ந்திருந்தாள். மூக்கு சிவந்திருந்தது.

"கோவமா மா?"

"கோவந்தான்."

"சாரி மா."

"சாரி எல்லாம் வேணாம்."

போனை வைத்துவிட்டால் அடுத்த ஞாயிறு மறுபடி ரொட்டியும் குளிருமாக ஆகிவிடும் என்று எனக்குப் பயமாக இருந்தது. அவளுக்கும் அந்தப் பயம் இருந்திருக்க வேண்டும், வைக்கிறேன் என்று அவளும் சொல்லவில்லை.

"இன்னும் மூனு வருஷம் அங்க எதை அளக்கப் போற?" என்று கேட்டேன்.

"மெக்னீசியம்னு பேசிக்கிட்டிருக்கோம்."

"அதுக்கு எங்க க்ளிக் பண்ணனும், சொல்லு."

"மொதல்ல லெஃப்ட் சைடு பாக்ஸ் மா" என்றாள், உடைந்த குரலில். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு மௌஸைப் பிடித்தேன்.